தேங்கி நிற்கும் இரைப்பை

உண்ட உணவு இரைப்பையில் எத்தனை நேரம் தங்குகிறது என்னும் வினாவுக்கு, ஊகத்தை விடுத்துப் பிரத்தியட்சமாகக் கண்டு விடை கூறும் வாய்ப்பு, மனித குலத்துக்கு ஒரு துப்பாக்கி விபத்தின் பயனாகவே கிட்டியது. 1822 ஜூன் 6 அன்று, அமெரிக்காவின் மாக்கினா தீவில், தோல் வணிகக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடிய இளைஞன் வயிற்றில் ரவை பாய்ந்து வீழ்ந்தான். அவனைப் பிழைக்கவைத்த இராணுவ வைத்தியர் வில்லியம் போமாண்ட், காயம் ஆறிய பின்னும் மூடாது நின்ற துவாரத்தின் வழியே, 1825 முதல், பட்டு நூலில் கட்டிய உணவுத் துண்டுகளை இரைப்பைக்குள் இறக்கியும் எடுத்தும், கண்டதையெல்லாம் குறித்து வைத்தார். வெந்த சோற்றுக்கு ஒரு மணி, வாட்டிய பன்றியிறைச்சிக்கு ஐந்தேகால் மணி என்பது 1833-இல் அவர் வெளியிட்ட நூல் தரும் கணக்கு. கோபம் ஜீரணத்தைக் குலைப்பதையும் அவர் எழுதியிருக்கிறார். தன் வயிற்றை ஓயாது துழாவிய வைத்தியரிடம் அந்த ஏழைக்குக் கோபம் வந்திருந்தால் அதில் வியப்பென்ன? 1880-இல் அவன் இறந்தபோது, பிரேதத்தை வைத்தியர்கள் எடுத்துப் போய்விடுவார்கள் என்று அஞ்சிய குடும்பத்தார், அது அழுகும் வரை காத்திருந்தே அடக்கம் செய்தார்கள்.

போமாண்ட் கண்டது பெரும்பாலும் ஜீரண ரசத்தின் வேலையை. இரைப்பையின் அசைவைத் தெளிவாகக் கண்டவர் ஹார்வர்டின் வால்ட்டர் கானன்: மருத்துவ மாணவராயிருந்தபோதே, புதிதாய் வந்த எக்ஸ் கதிர்களின் துணைகொண்டு, பிஸ்மத் உப்பு கலந்த உணவை உண்ட பூனைகளின் இரைப்பை அலையலையாகச் சுருங்கி உணவைக் கீழ்வாய் நோக்கித் தள்ளுவதையும், பூனை கலவரமுற்றால் அவ்வியக்கம் நின்றுபோவதையும் கண்டு, 1898-இல் வெளியிட்டார்.

அவ்வியக்கத்தில், மூளையிலிருந்து இரைப்பைக்கு வரும் வேகஸ் நரம்புக்கு எத்துணைப் பங்குண்டு என்பதைச் சத்திரசிகிச்சைக் கூடம் உணர்த்தியது. 1943-இல் சிக்காகோவில் டிராக்ஸ்டெட் என்னும் நிபுணர் குடற்புண்ணைத் தீர்க்க அந்நரம்பை அறுக்கத் தொடங்கினார். புண் ஆறியது, ஆனால் பலருக்கு உணவு இரைப்பையிலேயே தேங்கியதால், அது வடிவதற்கு வழி செய்யும் மற்றொரு சிகிச்சையையும் உடன் செய்ய வேண்டியதாயிற்று. கத்தி செய்த அதே காரியத்தை, பல்லாண்டு கட்டுப்படாத சர்க்கரையும் ஓசையின்றிச் செய்யவல்லது. நீரிழிவு நோயாளிகளின் இரைப்பை, அடைப்பு ஏதுமின்றியே உணவைத் தேக்கி வைப்பதை 1958-இல் விவரித்து, அதற்குக் காஸ்ட்ரோபரேசிஸ் என்ற பெயர் வழங்கச் செய்தவர் பால் கஸாண்டர். இன்சுலின் தன் வேலையைத் தொடங்கிய பிறகும் உணவு குடலுக்கு வந்து சேராதாகையால், இத்தகையோருக்குச் சர்க்கரை முதலில் தாழ்ந்து, பிறகு காரணம் விளங்காமல் ஏறுவதுண்டு.

இவ்வளவும் அறியப்பட்ட பிறகும் நோயாளியின் சொல் நம்பப்பட்டதா என்றால், இல்லையென்றே சொல்ல வேண்டும். நாலு கவளத்தில் வயிறு நிரம்புகிறது, காலையில் உண்டது மாலையில் வாந்தியாகிறது என்று முறையிடுபவருக்கு எண்டோஸ்கோப்பியில் புண் ஒன்றும் தென்படாவிட்டால், மனக்கவலை என்று அனுப்பிவிடுவது எளிதாயிருந்தது. இந்நோய் பெண்களையே மிகுதியாகப் பீடிப்பது அந்த அலட்சியத்துக்கு இன்னும் துணை போயிற்று என்பது என் கருத்து. கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு சேர்த்த உணவை ஊட்டி, அது வெளியேறுவதை அளக்கும் முறை 1966-இலேயே பிரிட்டனில் வெளியாயிற்று. நான்கு மணி நேரம் கழித்தும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கினால் தாமதம் என்பது இன்றைய விதி. மருந்தோ சொற்பம்: 1960-களில் பிரான்சில் தோன்றிய மெட்டோகுளோபிரமைடு நெடுநாள் உட்கொண்டால் முகத்திலும் நாவிலும் கட்டுக்கடங்காத அசைவுகளை விளைவிக்கலாம் என்று 2009-இல் அமெரிக்க அரசு கடுமையாக எச்சரித்தது.

இந்நோயைப் பற்றிய விழிப்புணர்வுக்கென அந்நாட்டில் ஆகஸ்ட் மாதத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். நீரிழிவு வீட்டுக்கு வீடு பரவியுள்ள நம்மிடையே, சிறிது உண்டதும் வயிறு நிரம்புவதையும் அடிக்கடி வாந்தி வருவதையும் வெறும் அஜீரணமென்று கஷாயத்தால் அடக்கிக்கொண்டிராமல், வைத்தியரிடம் தயங்காது கூறி, இரைப்பை காலியாகும் வேகத்தை அளக்க வேண்டுமா என்று கேளுங்கள்.