தென்காசிப் பாண்டியர் காலக் கவிதை

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தென்காசி, புளியங்குடி, சங்கரன்கோவில், கரிவலம்வந்தநல்லூர் ஆகிய ஊர்களைச் சுற்றிய மேற்கு மலையடிவார நாட்டில் எழுந்த செய்யுள் இலக்கியம். இதன் தலையாய புலவர்கள் இருவரும் அரசர்கள்: அதிவீரராம பாண்டியர், வரதுங்கராம பாண்டியர்.

மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பாண்டியர் குடி, தென்காசியைத் தலைநகராகக் கொண்டது. பராக்கிரம பாண்டியர் 1446இல் அங்கே காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினார். பிற்காலத்தில் கோயிலைப் பேணிக் காப்பவர்களின் காலில் விழுந்து வணங்குவதாக அவர் வேண்டிக்கொண்ட செய்தி, செய்யுளாகவே கல்லில் வெட்டப்பட்டுள்ளது. அரசனே பாட்டெழுதும் வழக்கத்துக்கு இந்தக் குடியில் அப்போதே வேர் பிடித்துவிட்டது.

அதிவீரராமர் 1564இல் அரியணை ஏறி, பதினேழாம் நூற்றாண்டு பிறந்த பின்னும் சில ஆண்டுகள் ஆண்டார். அதற்குள் நாட்டின் மெய்யான அதிகாரம் மதுரை நாயக்கர் கைக்குப் போயிருந்தது. ஊர்கள் பாளையங்களாகப் பிரிந்து பாளையக்காரர்கள் தலையெடுத்திருந்தனர். போர்க்களத்துப் புகழுக்கு வழியில்லாத அரசர் ஏட்டையும் எழுத்தாணியையும் எடுத்தார். இலிங்க புராணம், கூர்ம புராணம், காசி காண்டம் என வடமொழிப் புராணங்களைத் தமிழ் விருத்தங்களாக்கினார். நளன் கதையைச் சொல்லும் நைடதம் அவர் பெயரை நாடறியச் செய்தது. புலவர்க்கு அது மருந்து என்ற பழமொழியே உண்டு. எனினும் முன்பகுதியின் ஓட்டம் பின்பகுதியில் இல்லை என்று அவருடைய அண்ணியாரே குறை சொன்னதாக ஒரு செவிவழிக் கதையும் வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, குறை சரியானதே. தொடக்கத்தின் வருணனை வளத்துக்கு ஈடாக முடிவு அமையவில்லை.

சிறு நூலான வெற்றிவேற்கையின் பயணம் வேறு விதமானது. நறுந்தொகை என்றும் பெயர் பெற்ற இது, திண்ணைப் பள்ளிகளில் பல தலைமுறைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆயிற்று. கற்றவன் எந்தக் குடியில் பிறந்தாலும் உயர்ந்தவன் என்று ஓர் அரசர் சொன்னது, அந்தக் காலத்தில் சிறிய சொல் அன்று.

அண்ணன் முறையினராகக் கருதப்படும் வரதுங்கராமர் பிரமோத்தர காண்டத்தை இயற்றினார். கரிவலம்வந்தநல்லூர் அவர் வாழ்ந்த ஊர் என்பது மரபு. சங்கரன்கோவிலிலிருந்து இராஜபாளையம் செல்லும் சாலையில் உள்ள அவ்வூரில் பால்வண்ணநாதரும் ஒப்பனையம்மையும் கோயில் கொண்டுள்ளனர். இத்தலத்தின் மீது மூன்று அந்தாதிகள் உள்ளன: வெண்பாவில் ஒன்று, கலித்துறையில் ஒன்று, பதிற்றுப்பத்து ஒன்று. இவற்றை அதிவீரராமர் பாடினார் என்பாரும், வரதுங்கராமர் பாடினார் என்பாரும் உளர்.

மூன்றில் பதிற்றுப்பத்தந்தாதியே மணிமுடி. பத்துப் பத்துப் பாடல்களாக, பத்துக்குப் பத்து யாப்பு மாறி, ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் தொடக்கமாகி, நூறு பாடல்களும் ஒரே மாலையாகச் சுற்றி வரும். இத்தனை கட்டுக்குள்ளும் குரல் தளரவில்லை. முடிசூடியவர் தம்மை ஒன்றுமில்லாதவராக எண்ணி இறைவனிடம் இறைஞ்சும் உருக்கத்தால், இதற்குக் ‘குட்டித் திருவாசகம்’ என்ற பெயர் நிலைத்தது. புராண மொழிபெயர்ப்புகள் அனைத்தையும் ஒருபுறம் வைத்தாலும் இந்த ஒரு நூல் தட்டைத் தாழ்த்தும்.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில், அரச குடும்பத்தைச் சேர்ந்த அரசகேசரி காளிதாசரின் இரகுவம்சத்தைத் தமிழ்க் காப்பியமாக்கினார். அந்த அரசும் 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. இலண்டனில் ஷேக்ஸ்பியரின் ஈரேழ்வரிப் பாக்கள் 1609இல் அச்சேறின. இங்கோ கவிதை இன்னும் பனையோலையில் இருந்தது. அதன் வாழ்வும் சாவும் ஓலையைப் படியெடுப்பவர் கையில்.

அடுத்த தலைமுறையில் கவிதையின் இருப்பிடம் அரண்மனையிலிருந்து மடத்துக்கு நகர்ந்தது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர், தருமபுர ஆதீனத்து மாசிலாமணி தேசிகரின் மாணவரானார். அவருடைய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் திருமலை நாயக்கர் முன் மதுரையில் அரங்கேறியது. பின்னர் காசிக்குச் சென்று மடம் நிறுவினார். தென்காசி அரசர் தமிழில் பாடிய காசிக்குத் தமிழ்ப் புலவர் ஒருவர் நேரிலேயே போய்ச் சேர்ந்தார்.

வரதுங்கராமருக்குப் பின் அவருடைய ஏட்டுச் சுவடிகள் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உ.வே.சாமிநாதையர் அவற்றைத் தேடி அங்கே போனார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாகக் கோயிலில் அவருக்குச் சொன்னார்கள். அந்தத் துயரத்தை அவர் ‘என் சரித்திரம்’ நூலில் பதிவு செய்துள்ளார். புலவர் அரசர் சேர்த்து வைத்த நூலகம் ஒன்று அப்படிச் சாம்பலானது. அதில் எரிந்த நூல்களின் பெயர்கூட நமக்கு மிஞ்சவில்லை.

பாட்டு மட்டும் இந்த மண்ணில் நிற்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில், கரிவலம்வந்தநல்லூருக்கு அருகே சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடினார். இவ்வட்டாரத்து வீடுகளிலும் மடங்களிலும் இன்னும் பரணில் ஓலைக்கட்டு வைத்திருப்பவர்கள், அதைச் சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திடமோ உ.வே.சா. நூலகத்திடமோ காட்டிப் படியெடுக்கச் செய்ய வேண்டும்.