சீகன்பால்குவின் இரு புறப்பாடுகள்

அறியாத நாடொன்றிற்குத் தொண்டு செய்யத் தாமே முன்வந்து சென்றோரின் வரலாற்றை எழுதுவோர், அத்துணிவு பிறந்த நாளையே பெரிதும் போற்றி எழுதுவர். தரங்கம்பாடிக்கு வந்த செருமானியர் பர்த்தலோமேயு சீகன்பால்குவின் வரலாறும் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டுள்ளது. கி.பி. 1705இல் அவர் 'வருகிறேன்' என்று இசைந்த செய்தி விரித்துரைக்கப்படுகிறது. 1716இல் அவர் மீண்டும் தமிழகத்திற்குப் புறப்பட்ட செய்தியோ ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. இவ்விரண்டனுள் எதனைத் துணிவு எனக் கொள்வது தகும் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் பொருள்.

முதற் புறப்பாட்டின் பின்னணி சுருக்கமானது. தரங்கம்பாடி 1620 முதல் டென்மார்க்கினர் கோட்டையாக இருந்தது. அந்நாட்டு மன்னர் நான்காம் பிரடெரிக், தம் குடியேற்றங்களுக்குச் சமயத் தொண்டரை அனுப்ப விழைந்தார். தக்கார் தம் நாட்டில் கிடைக்காமையால், அரண்மனைக் குருவாகிய லூட்கென்ஸ் பெர்லினிலிருந்த நண்பர் வாயிலாகச் செருமனியில் ஆள் தேடினார். அகப்பட்டவர் இருவர். ஒருவர் என்றிக் புளூட்சோ, மற்றவர் சீகன்பால்கு. 1682இல் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்தவர் சீகன்பால்கு. ஆலே நகர்ப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தும் உடல்நலிவால் நெடுநாள் பயில இயலாதவர். அழைப்பு வந்தபோது பெர்லினுக்கு அருகில் ஓர் ஊரில் மற்றொரு குருவுக்கு மாற்றாகப் பணிபுரிந்து கொண்டிருந்தார்.

அவர் இசைந்தது எந்த நாட்டிற்கு என்பதைக் கருதுதல் வேண்டும். முதலில் குறிக்கப்பட்ட இடம் மேற்கிந்தியத் தீவுகள், பின்னர் ஆப்பிரிக்காவின் கினிக் கரை, இறுதியாகவே தரங்கம்பாடி. மூன்று கண்டங்களில் எதற்கும் ஒருபடித்தாகப் பொருந்தும் ஓர் இசைவு, அந்நாட்டு மக்களை எண்ணிச் செய்த இசைவாகாது. அதன்கண் அவருடைய சமயப்பற்று உண்டு, உயிரையும் பொருட்படுத்தாத உள்ளம் உண்டு, தமிழர் இல்லை. இதனை யாம் குறைகூறும் நோக்கால் கூறவில்லை. காணாத நாட்டை எண்ணித் துணிதல் எவர்க்கும் அரிது என்பதே எம் கருத்து.

1705 நவம்பர் 29இல் 'சோபியா எட்விக்' என்னும் கப்பலில் புறப்பட்ட இருவரும், ஏழு மாதங்களுக்கு மேல் கடலிற் கழித்து, 1706 சூலை 9இல் தரங்கம்பாடியை அடைந்தனர். கோட்டைத் தலைவர் அவர்களை விரும்பி வரவேற்கவில்லை. அப்பால் மொழிச் சிக்கல் எழுந்தது. கடற்கரை வணிகத்திற்கும் ஐரோப்பியர் வீட்டு ஏவலருக்கும் போர்த்துக்கீசியமே பொதுமொழியாக வழங்கிய காலம் அது. புளூட்சோ அதனை மேற்கொண்டார். அம்மொழி பேசும் மக்கள் ஊரில் இருந்தமையின் அதுவும் வேண்டிய பணியே. சீகன்பால்கு தமிழை மேற்கொண்டார். ஒரே கப்பலில் ஒரே இசைவுடன் வந்த இருவர் இவ்வாறு பிரிந்தது வரலாற்றில் சிறு செய்தி போலத் தோன்றினும், பின்விளைவு அனைத்திற்கும் அதுவே வித்து.

முதிய அண்ணாவியார் ஒருவர் தம் திண்ணைப் பள்ளியை அவர்கள் தங்கியிருந்த வீட்டிற்கே கொணர்ந்து நடத்த இசைந்தார். கல்லூரி கண்ட அந்த இளைஞர், சிறுவரோடு சிறுவராகத் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். எழுத்தறிந்தும் பொருளறியாத நிலை சில காலம் இருந்தது. அண்ணாவியார்க்கு வேற்றுமொழி தெரியாது. பின்னர்க் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன், போர்த்துக்கீசியமும் வேறு சில ஐரோப்பிய மொழிகளும் அறிந்தவர், துணைக்கு வந்தார். அதன்பின் கல்வி விரைந்தது. காலையில் முன்னாள் கற்ற சொற்களை ஓதுதல், நண்பகல் வரை முதுபுலவர் ஒருவரை உடன்வைத்துக்கொண்டு நூல் படித்தல், மாலையிலும் படித்தல், கண் சோர்ந்த இரவில் பிறர் படிக்கக் கேட்டல் என்பது 1708இல் அவர் எழுதிய மடலால் அறியப்படும் நாள்முறை. புலவர் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு பாடங் கேட்கும் இம்முறையை, இன்றைய ஆராய்ச்சி மாணவர் பலர் இழந்துவிட்டனர் என்பதை இடைக்குறிப்பாகச் சொல்லி மேற்செல்வோம்.

நூல் தேடும் பணியும் உடன் நடந்தது. தம் எழுத்தரைப் பன்னாள் வழித்தொலைவுக்கு அனுப்பினார். இறந்துபட்ட அந்தணரின் கைம்பெண்டிரிடமிருந்து ஏடுகள் குறைந்த விலைக்குக் கிடைத்தன. இவ்வாறு தொகுத்த நூல்களுக்கு 1708இல் அவர் எழுதிய விளக்கப் பட்டியலில் தமிழர் நூல்கள் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவை இடம்பெறுகின்றன. தொல்காப்பியமும் திருக்குறளும் அவற்றுள் உண்டு. தஞ்சை மராட்டியர் ஆண்ட அக்காலத்தில் அப்பகுதியில் எவ்வெந் நூல்கள் ஏட்டில் வழங்கின என்பதற்கு இப்பட்டியல் நேரிய சான்று. இலக்கிய வரலாறு எழுதுவோர் இதனைப் போதிய அளவு பயன்கொள்ளாமை வியப்பே.

அவ்வாண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றைச் செருமன் மொழியில் பெயர்த்தார். தமிழரை நாகரிகமற்றோர் என ஐரோப்பியர் கருதுவது அவர்தம் மொழியும் நூலும் அறியாமையால் விளைந்த பிழை என்றும், தாமும் வந்த புதிதில் இம்மொழிக்கு ஒழுங்கான இலக்கணம் உண்டென எண்ணவில்லை என்றும் அவர் ஒப்புக்கொள்கிறார். இவ்வொப்புதலை யாம் மிகைப்படுத்த விரும்பவில்லை. சமயம் மாற்றும் நோக்கத்தை அவர் கைவிட்டாரல்லர். தமிழ்ச் சமயங்களை அவர் ஆராய்ந்ததும் அவற்றை மறுப்பதற்கே. ஆயினும் மறுக்கப் புகுந்தவர், மறுக்கப்படும் பொருளை அதற்குரியோர் வாய்ச்சொல்லாலும் நூலாலும் முழுதுற அறிய முயன்றார். அவரைத் தமிழ்த் தொண்டர் என்று மட்டும் பாராட்டுவோரும், மதம் பரப்ப வந்தவர் என்று மட்டும் ஒதுக்குவோரும் இதன் ஒரு பாதியையே காண்கின்றனர்.

1708 நவம்பரில், கோட்டைத் தலைவரோடு ஏற்பட்ட பூசலால் சிறையிடப்பட்டார். நான்கு மாதம் அங்கே கழிந்தது. 1711இல் புளூட்சோ ஐரோப்பா திரும்பினார், மீண்டும் வரவில்லை. பின்னர்த் தம் தாயகப் பக்கம் ஒரு திருச்சபைக்குக் குருவாக வாழ்ந்தார். கடமை தவறியதாக அவரை எவரும் பழித்திலர். எம் வாதத்திற்கு இச்செய்தி இன்றியமையாதது.

ஏனெனில் 1714இல் சீகன்பால்குவும் கப்பலேறினார். உடன் சென்றவர் மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர். அறியாத நாட்டிற்குச் செல்லத் துணிந்தவர் என்ற பெயர் அவருக்கும் உரியது. ஆனால் அவர் உள்ளம் பற்றி நம் வரலாறுகள் ஒன்றும் பேசுவதில்லை. வழியில் தமிழ் மறவாதிருக்கவும், இலக்கணம் எழுதவும் அவர் உடனிருப்பு உதவியது. அவ்விலக்கணம் இலத்தீனில், 'கிராமாட்டிகா தாமுலிக்கா' என்னும் பெயரால், 1716இல் ஆலேயில் அச்சாயிற்று. ஐரோப்பாவில் சீகன்பால்குவுக்குப் பெருமதிப்புக் கிட்டியது, திருமணமும் நிகழ்ந்தது. அவர் அங்கேயே தங்கியிருப்பின், புளூட்சோவைப் பழியாத உலகம் அவரையும் பழித்திராது.

அவர் மீண்டும் புறப்பட்டார். இம்முறை செல்லுமிடம் அவருக்குத் தெரியும். சிறையும் வெயிலும் நோயும் தெரியும். கோட்டையாரின் பகைமை தெரியும். தம் சொல்லை ஏற்போர் சிலரே என்பதும் தெரியும். மேலிடத்தாரின் மனப்போக்கையும் அவர் அறிந்திருந்தார். 1713இல் எழுதியனுப்பிய தென்னிந்தியத் தெய்வங்களின் மரபு பற்றிய நூலை ஆலேயில் பிராங்கே அச்சிட இசையவில்லை. புறச்சமயத்தை ஒழிக்கச் சென்றவர் அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் எண்ணம். இத்தனையும் அறிந்து 1716இல் மேற்கொண்ட புறப்பாட்டையே துணிவு எனத்தகும் என்பது எம் முடிபு. ஒப்புக்கொண்ட பணிக்குத் திரும்பியது கடமையேயன்றித் துணிவாகாது என ஒரு சாரார் கூறலாம். புளூட்சோவின் வாழ்வே அதற்கு விடையாகும். 1705இல் சென்ற இளைஞர் தமக்குத் தெரியாத ஒன்றிற்கு இசைந்தார். அவ்விசைவுக்குப் பொருள் தந்தவை இடைப்பட்ட ஆண்டுகளின் மணலும் ஏடும் எனலாம்.

அவ்வாண்டு ஆகத்து மாதம் அவர் சென்னைக் கரையை அடைந்தார். தரங்கம்பாடியில் புதிய கோயிலொன்று 1718இல் கட்டி முடிந்தது. 1719 பிப்ரவரி 23இல், முப்பத்தாறு வயதில் அவர் இறந்தார். அக்கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஆலேயார் அச்சிட மறுத்த தெய்வமரபு நூலை வில்லெம் கெர்மன் என்பார் 1867இல் சென்னையில் பதிப்பித்தார். தமிழர் சமயம் பற்றி 1711இல் எழுதிய மற்றொரு பெருநூல் 1926இல் ஆம்சுடர்டாமில் வெளிவந்தது. தொகுத்த ஏடுகளுள் பெரும்பகுதி இன்றில்லை. 1708ஆம் ஆண்டுப் பட்டியல் இருக்கிறது.