பாங்க் ஆஃப் மதுரா

மதுரையில் 1943இல் தோன்றி 2001 வரை நடந்த தனியார் வணிக வங்கி. நிறுவியவர் 'கலைத்தந்தை' கருமுத்து தியாகராசச் செட்டியார் (1893–1974). பதிவு அலுவலகம் வடக்குச் சித்திரை வீதியில், மீனாட்சியம்மன் கோயில் மதிலை ஒட்டி இருந்தது. 2001 மார்ச் 10 அன்று ஐசிஐசிஐ வங்கியுடன் இணைந்தபோது இதற்கு 263 கிளைகள் இருந்தன. வைப்பு, கடன், பங்கு, பங்கு மாற்று என்று நிதி உலகின் அடிப்படைக் கருவிகள் எல்லாமே இந்த ஒரு வங்கியின் 58 ஆண்டுகளில் வந்துபோகின்றன. அதனால் மதுரை வட்டாரத்தில் நிதி நிறுவனம் எப்படி வேலை செய்தது என்று அறிய இதன் வரலாறே நல்ல வழி.

ஆலையும் வங்கியும்

மதுரைக்குத் தெற்கே திருமங்கலம் போகும் சாலையில் கப்பலூர் இருக்கிறது. இன்று சிட்கோ தொழிற்பேட்டையையும் சுங்கச்சாவடியையும் வைத்து அடையாளம் சொல்லப்படும் ஊர். அங்குள்ள தியாகராசர் மில்ஸ் 1936இல் நிறுவப்பட்ட நிறுவனம். ஆலையை நிறுவியவரே ஏழு ஆண்டு கழித்து வங்கியையும் நிறுவினார். இதில் வியப்பு ஏதும் இல்லை. நூற்பாலையைப்போல இடைவிடாமல் பணம் கேட்கும் தொழில் குறைவு. பஞ்சு சந்தைக்கு வருவது ஆண்டில் சில மாதங்கள். கதிர்கள் ஓடுவதோ ஆண்டு முழுவதும். வரத்துக் காலத்தில் வாங்கிக் குவித்த பஞ்சுப் பொதி நூலாகி, நூல் விற்று, வாங்கியவர் தவணை முடிந்து பணம் தரும்வரை முதல் கிடங்கிலேயே முடங்கிக் கிடக்கும். அந்த இடைவெளியை நிரப்புவதுதான் வங்கியின் வேலை.

அதற்கான கருவிகளும் பஞ்சுக்கு ஏற்றபடியே அமைந்தன. சரக்கு ஈட்டுக் கடனில் கிடங்கின் சாவி வங்கியிடம் இருக்கும். வாசலில் வங்கியின் பெயர்ப்பலகை தொங்கும். கட்டிய பணத்துக்கு ஈடான பொதிகளை மட்டும் வங்கியின் ஆள் வந்து பூட்டைத் திறந்து விடுவார். ஆலையின் மேல் நம்பிக்கை கூடினால் ஹைப்போதிகேஷன்: சரக்கு ஆலையின் கையிலேயே இருக்கும், மாதந்தோறும் இருப்புக் கணக்கு மட்டும் வங்கிக்குப் போகும். இருப்பின் மதிப்பில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் பணம் எடுக்கலாம். கழிக்கும் அந்தப் பங்குக்கு மார்ஜின் என்று பெயர். பஞ்சு விலை சரிந்தால் முதலில் அடிபடுவது ஆலையின் பங்கு, அதன் பிறகே வங்கியின் பணம். நூல் வாங்கிய வியாபாரி மீது எழுதிய பில்லைத் தவணைக்கு முன்பே வங்கியிடம் கொடுத்து, வட்டியைக் கழித்துப் பணமாக்கிக்கொள்வது பில் டிஸ்கவுண்ட்.

இவற்றுக்கு முன்னோடி நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடை. புரோநோட்டும் உண்டியலும் அங்கே நன்றாகப் பழகியிருந்தன. நாளுக்கு நாள் கணக்கிடும் 'நடப்பு', குறித்த காலத்துக்கான 'தவணை' என்று வைப்புகளிலேயே வகை இருந்தது. இரங்கூனில் செட்டியார்கள் கூடிப் பேசி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். ஆனால் வட்டிக்கடை முதலாளியின் சொத்து முழுவதும் அவர் கடனுக்குப் பொறுப்பு. அவர் பெயர்தான் முதல். கூட்டுப்பங்கு வங்கியில் பங்குதாரரின் இழப்பு அவர் போட்ட பங்கோடு நின்றுவிடும். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது நகரத்தாரின் கடல்கடந்த முதல் பெரும்பாலும் கைவிட்டுப் போயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு மதுரையில் இந்த வங்கி பிறந்தது. சொந்த ஊரிலேயே முதலை நிறுத்தி வைக்கும் எண்ணத்துக்கு அந்தக் காலம் உரம் போட்டிருக்கும் என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

புதுக்கோட்டை வைப்பு வழக்கு

சட்டக் கல்லூரி மாணவர்கள் இந்த வங்கியின் பெயரை இன்றும் படிக்கிறார்கள். அதற்குக் காரணம் ஒரு வரி வழக்கு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். பிரிட்டிஷ் இந்தியாவின் வருமான வரி அங்கே செல்லாது. செட்டியாரின் குழுமத்தைச் சேர்ந்த மீனாட்சி மில்ஸ் முதலிய ஆலைகள் வங்கியின் புதுக்கோட்டைக் கிளையில் நிரந்தர வைப்பு வைத்திருந்தன. அந்த வைப்பை ஈடாகக் காட்டி மதுரைக் கிளையில் கடன் பெற்றன. புதுக்கோட்டையில் கிடைத்த வட்டிக்குப் பிரிட்டிஷ் இந்தியாவில் வரி உண்டா என்பது கேள்வி. கிளைகள் இரண்டாக இருந்தாலும் வங்கி ஒன்றே; ஆலையும் வங்கியும் ஒரே கையில் இருந்தன; ஏற்பாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பணம் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வருமான வரித்துறையின் பக்கம் தீர்ப்பளித்தது. தேவைப்படும்போது நிறுவனம் என்ற திரையை விலக்கி உள்ளே இருப்பவரைப் பார்க்கலாம் என்ற கோட்பாட்டுக்கு 1967ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான இத்தீர்ப்பு அடிக்கடி மேற்கோளாகிறது.

வழக்கின் சரி தவறு ஒருபுறம் இருக்கட்டும். நிரந்தர வைப்பு ரசீது வெறும் சேமிப்புச் சீட்டு அல்ல. அதுவே இன்னொரு கடனுக்கு ஈடாகும், ஓர் ஊரில் உறங்கும் பணத்தை வேறோர் ஊரில் நடமாட வைக்கும். இதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வழக்கு அரிது.

தப்பிப் பிழைத்த காலம்

1960இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்தது. அதன் அதிர்ச்சியில் சிறு வங்கிகளைப் பெரியவற்றோடு சேர்க்கும் அதிகாரம் வலுப்பெற்றது; 1962 முதல் வைப்புக் காப்பீடும் வந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய்வரை மட்டுமே காப்பு. 2020 முதல் அது 5 லட்சம். 1960களில் பாங்க் ஆஃப் மதுரா, 1933இல் தொடங்கிய செட்டிநாடு மெர்க்கன்டைல் வங்கியையும் 1904இல் தொடங்கிய இலஞ்சி வங்கியையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

1969இல் 50 கோடி ரூபாய்க்கு மேல் வைப்பு வைத்திருந்த 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அதில் போயின. 1980இல் 200 கோடி என்ற வரம்பில் மேலும் ஆறு வங்கிகள். இரண்டு வரம்புக்கும் கீழே இருந்ததால் மதுரை வங்கி தனியாரிடமே தங்கியது.

பெண்கள் குழு

இந்த வங்கியின் வரலாற்றில் போதிய கவனம் பெறாத பகுதி இதுவே. சுய உதவிக்குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 1992இல் தொடங்கியது. 1990களின் நடுவில் பாங்க் ஆஃப் மதுரா அதைத் தன் சொந்த வேலையாகவே எடுத்துக்கொண்டது. கிராமத்துப் பெண்கள் இருபது பேர் சேர்ந்து குழு அமைத்து, மாதம் ஒரு சிறு தொகை சேமித்து, முதலில் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கிப் பழகுவார்கள். கணக்குப் புத்தகம் ஒழுங்காக இருக்கிறது என்று தெரிந்த பிறகு வங்கி குழுவுக்குக் கடன் தரும். ஈடு கேட்பதில்லை. குழுவில் ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்களின் அடுத்த கடன் தடைபடும் என்பதுதான் ஈடு.

கப்பலூர்க் கிடங்கில் பூட்டும் சாவியும் செய்த வேலையை இங்கே பக்கத்து வீட்டாரின் கண் செய்தது. இணைப்பின்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் ஐசிஐசிஐ வங்கியின் கைக்கு வந்தன. 2003இல் எண்ணிக்கை எட்டாயிரத்தைத் தொட்டது. பெருநகர வாடிக்கையாளரையும் கணினியையும் நம்பி வளர்ந்த வங்கிக்குக் கிராமத்துக்கான கதவு மதுரை வங்கியால் திறந்தது.

இணைப்பு

1990களில் புதிய தனியார் வங்கிகள் உரிமம் பெற்று வந்தன. ஐசிஐசிஐ வங்கி 1994இல் பிறந்தது. 2000 மார்ச்சில் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலாகி 17.5 கோடி டாலர் திரட்டியது. கையில் முதல் இருந்தது, கிளைகள் சுமார் நூறுதான். மதுரை வங்கியிடம் கிளைகள் இருந்தன; கணினிமயத்துக்கும் வாராக்கடன் ஒதுக்கீட்டுக்கும் வேண்டிய முதலைத் திரட்டுவது கடினமாகிக்கொண்டிருந்தது. 2000 டிசம்பரில் இரண்டின் இயக்குநர் குழுக்களும் இணைப்புக்கு ஒப்பின. அப்போது பாங்க் ஆஃப் மதுராவின் தலைவர் கே.எம். தியாகராஜன்.

இது வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்படி நடந்த விருப்ப இணைப்பு. இரு வங்கிகளின் பங்குதாரர்களிலும் பெரும்பான்மையினர், மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு வைத்திருப்பவர்கள், ஒப்ப வேண்டும். பிறகு ரிசர்வ் வங்கி இசைவு தர வேண்டும். காசாக எதுவும் கைமாறவில்லை. பாங்க் ஆஃப் மதுராவின் 1 பங்குக்கு ஐசிஐசிஐ வங்கியின் 2 பங்குகள் என்று விகிதம் வகுத்தார்கள். 10 ரூபாய் முகமதிப்பில் ஏறத்தாழ 1.18 கோடி பங்குகளுக்கு ஈடாக ஏறத்தாழ 2.35 கோடிப் புதிய பங்குகள் வெளியாயின. வைப்பாளருக்கு மாறியது பாஸ்புத்தகத்தின் பெயர்தான். அவருடைய வட்டியும் தவணையும் ஒப்பந்தப்படியே தொடர்ந்தன.

இதே சட்டத்தின் 45ஆம் பிரிவு கட்டாய இணைப்பு. 1926இல் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பரில் அதுதான் நேர்ந்தது. டிபிஎஸ் வங்கியோடு சேர்த்தபோது வைப்பாளர் பணம் காக்கப்பட்டது. பங்குதாரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வைப்பு என்பது வங்கி பட்ட கடன், பங்கு என்பது போட்ட முதல் என்ற வேறுபாட்டை ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அன்று பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டன. மதுரை வங்கி நல்ல நிலையில் இருக்கும்போதே பேரம் பேசியதால் அதன் பங்குதாரர்கள் தப்பினார்கள்.

எஞ்சியவை

மதுரையிலும் செட்டிநாட்டிலும் பழைய ட்ரங்குப் பெட்டிகளில் பாங்க் ஆஃப் மதுராவின் பங்குப் பத்திரம் கிடந்தால் அது செல்லாக்காசு என்று யாரும் எறிந்துவிடக் கூடாது. அப்படி எறிந்துவிடுவார்களோ என்ற கவலையில்தான் இந்தக் கணக்கு இங்கே விரிவாகச் சொல்லப்படுகிறது. 100 பங்கு வைத்திருந்தவருக்கு 2001இல் உரியது ஐசிஐசிஐ வங்கியின் 200 பங்கு. 2014இல் 10 ரூபாய்ப் பங்கை 2 ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்ததால் அது 1,000. 2017இல் பத்துக்கு ஒன்று போனஸ் தந்ததால் 1,100. ஏழு ஆண்டு தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காத பங்குகள் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதியத்துக்குப் போய்விடும். ஆனாலும் உரிமை அழிவதில்லை. ஐ.இ.பி.எஃப்-5 படிவத்தில் விண்ணப்பித்து, வாரிசுச் சான்றும் டீமேட் கணக்கும் காட்டித் திரும்பப் பெறலாம்.

வங்கியின் பெயர் கிளைப் பலகைகளிலிருந்து மறைந்துவிட்டது. ஐசிஐசிஐ வங்கியின் ஆண்டறிக்கையில், ஓய்வூதியப் பொறுப்பு பற்றிய கணக்குக் குறிப்பில், சாங்லி வங்கி, பாங்க் ஆஃப் ராஜஸ்தான் ஆகியவற்றின் ஊழியர்களோடு 'முந்தைய பாங்க் ஆஃப் மதுரா'வின் ஊழியர்களும் இடம்பெறுகிறார்கள்.