யுப் ஹைன்கெஸ்: ஜெயித்தும் வேலை போன கோச்

லீக் சீசனின் கடைசி நாள். நம்ம டீமும் எதிரி டீமும் புள்ளிகளில் சமம். ஆனால் கோல் வித்தியாசத்தில் அவர்கள் 10 கோல் முன்னால் இருக்கிறார்கள். அன்றைக்கு நாம் 12-0 என்று ஜெயிக்கிறோம். கோப்பை யாருக்கு?

அவர்களுக்குத்தான். 1978 ஏப்ரல் 29 அன்று ஜெர்மனியில் நிஜமாகவே இது நடந்தது. பொருஸ்ஸியா முன்ஷன்கிளாட்பாக் (இனிமேல் கிளாட்பாக் என்றே எழுதுகிறேன், எழுதுகிற எனக்கும் மூச்சு வாங்குது) டார்ட்மண்டுக்கு 12 கோல் போட்டது. அதே நேரத்தில் இன்னொரு ஊரில் கொலோன் அணி 5-0 என்று ஜெயித்தது. கடைசியில் 3 கோல் வித்தியாசத்தில் கொலோன் சாம்பியன். கொலோனின் கோச் ஹென்னஸ் வைஸ்வைலர். முன்பு கிளாட்பாக்கை ஒன்றுமில்லாத நிலையிலிருந்து தூக்கி நிறுத்தியவரும் அவரேதான்.

அந்த 12-ல் 5 கோல் ஒரே ஆள் போட்டது. பெயர் யுப் ஹைன்கெஸ். அவர் ஆடிய கடைசி பண்டஸ்லிகா மேட்ச் அது. (தோற்ற டார்ட்மண்டின் கோச்சுக்கு மறுநாளே வேலை போச்சு. அவர் ஓட்டோ ரேஹாகல். 2004-ல் கிரீஸுக்கு யூரோ கோப்பை வாங்கிக் கொடுத்தாரே, அவரேதான்.)

ஹைன்கெஸைப் பற்றி எழுதணும் என்று தோன்றியதற்குக் காரணம் 2013. அந்த வருஷம் பேயர்ன் மியூனிக் லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் ஒரே சீசனில் வென்றது. எந்த ஜெர்மன் அணியும் அதற்கு முன் செய்யாதது. ஆனாலும் கால்பந்து பேசுகிறவர்கள் நடுவில் ஒரு பேச்சு உண்டு: "விதைச்சது லூயி வான் கால், அறுத்தது ஹைன்கெஸ்." எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல அவருடைய கதைக்குள் போகணும்.

பிறந்தது 1945 மே 9, கிளாட்பாக் ஊரிலேயே. ஐரோப்பாவில் போர் முடிந்த மறுநாள். அப்பா கொல்லர், வீட்டில் பத்துப் பிள்ளைகள், இவர் ஒன்பதாவது. சுவர்ப்பூச்சு வேலை கற்றுக்கொண்டவர். நடுவில் ஹனோவரில் மூன்று வருஷம் தவிர, ஆடியது முழுக்க சொந்த ஊர் கிளப்புக்கு. 369 பண்டஸ்லிகா மேட்சில் 220 கோல். நான்கு லீக் பட்டங்கள். 1975 யூஃபா கோப்பை ஃபைனலில் ஹாலந்துக்குப் போய் ட்வென்டே அணிக்கு எதிராக ஹாட்ரிக். 1972 யூரோ, 1974 உலகக் கோப்பை அணிகளிலும் இருந்தார்.

கோச் ஆனதும் கதை மாறுகிறது. 1979-ல் கிளாட்பாக்கின் தலைமைப் பயிற்சியாளர். எட்டு வருஷம் இருந்தார், ஒரு கோப்பை கூட வரவில்லை. திறமை இல்லாமலா? கணக்கைப் பாருங்கள். 1980-ல் யூஃபா கோப்பை ஃபைனல், வெளியூர் கோல் விதியால் தோல்வி. 1984-ல் லீக்கில் மூன்று அணிகள் ஒரே புள்ளி, கோல் வித்தியாசத்தில் இவர்களுக்கு மூன்றாவது இடம். அதே வருஷம் ஜெர்மன் கோப்பை ஃபைனல் பேயர்னோடு, பெனால்டியில் தோல்வி. பெனால்டியை விட்டவர்களில் ஒருவர் லோதார் மத்தேயஸ். அடுத்த சீசனில் பேயர்னுக்குப் போக ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தவர்! சின்ன மைதானம், சின்ன வருமானம். ஆளை வளர்க்க வேண்டியது, பெரிய கிளப்புக்கு விற்க வேண்டியது என்பதுதான் கிளாட்பாக்கின் நிலைமை.

1987-ல் அவரே பேயர்னுக்குப் போனார். கூப்பிட்டவர் ஊலி ஹோனஸ். இவரும் 1974 அணியில் ஆடியவர், முழங்கால் காயத்தால் 27 வயதிலேயே விளையாட்டை விட்டுவிட்டு கிளப் நிர்வாகத்துக்கு வந்தவர். ஹைன்கெஸுக்கு அப்போது ஒரு பட்டப்பெயர் இருந்தது: "ஓஸ்ராம்". பல்பு கம்பெனி பெயர். டென்ஷன் ஆனால் முகம் சிவப்பாக எரியும், அதனால். கொலோன் கோச் கிறிஸ்டோஃப் டாவும், ஹைன்கெஸோடு பேசுவதைவிட டிவியில் வானிலை வரைபடம் பார்ப்பது சுவாரசியம் என்று பகிரங்கமாகக் கிண்டல் அடித்தார். 1989 மே மாதம் பேயர்ன் கொலோனுக்கே போய் 3-1 என்று ஜெயித்து, அந்தப் பட்டத்தையும் எடுத்தது. 1990-லும் பட்டம்.

1991-ல் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி, பெல்கிரேடில் ரெட் ஸ்டார் அணியோடு. எக்ஸ்ட்ரா டைம் போகும் என்ற நிலையில், 90-வது நிமிஷத்தில் பேயர்ன் கேப்டன் அவுகென்தாலர் காலில் பட்டு பந்து சொந்த வலைக்குள் போனது. அக்டோபரில், சொந்த மைதானத்தில் ஸ்டுட்கார்ட்டர் கிக்கர்ஸிடம் 1-4 தோல்வி. உடனே வேலைநீக்கம். அந்த சீசனை பேயர்ன் பத்தாவது இடத்தில் முடித்தது. தன் வாழ்க்கையின் மிகப் பெரிய தவறு அதுதான் என்று ஹோனஸ் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் நண்பர்களாகவே இருந்தார்கள். இது பிறகு முக்கியமாகப் போகிறது.

அடுத்து பில்பாவோ. பாஸ்க் வீரர்களை மட்டுமே ஆட வைக்கும் கிளப். அங்கே நன்றாகவே போனது. பிறகு 1994-ல் ஃபிராங்க்ஃபர்ட். இதை மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் என் வாதமே இதில்தான் நிற்கிறது. அணியின் நட்சத்திரங்கள் மூன்று பேர்: டோனி யெபோவா, ஜே-ஜே ஒகோச்சா, மௌரிசியோ காவுதினோ. பயிற்சியில் மந்தம் என்று கோச் கூடுதலாக ஓடச் சொன்னார். அவர்கள் அடுத்த மேட்ச் ஆட முடியாது என்றார்கள். மூவரையும் ஒதுக்கி வைத்தார். யெபோவாவும் காவுதினோவும் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். சில மாதத்தில் ஹைன்கெஸும் போய்விட்டார். ஒழுங்கு என்னவோ காப்பாற்றப்பட்டது, அணிதான் உடைந்தது. கோச் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் கேப்டனையே இழந்தபின் அந்த நியாயத்தை வைத்து என்ன செய்வது?

டெனரீஃப் தீவு அணியை யூஃபா கோப்பை அரையிறுதி வரை கொண்டுபோனதும் ரியல் மாட்ரிட் கூப்பிட்டது. 1998 மே 20, ஆம்ஸ்டர்டாம். மியாடோவிச் அடித்த ஒரே கோலில் யுவென்டஸைத் தோற்கடித்து, 32 வருஷம் கழித்து ரியல் ஐரோப்பியக் கோப்பையைத் தொட்டது. சில நாட்களில் ஹைன்கெஸுக்கு வேலை போனது. ஸ்பெயின் லீக்கில் நான்காவது இடம், வீரர்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்பவை காரணங்கள். ஐரோப்பாவையே ஜெயித்துக் கொடுத்தவருக்கு இது மரியாதையா என்று கேட்கலாம். ரியல் மாட்ரிட்டில் அப்படியெல்லாம் கேட்க மாட்டார்கள்.

அப்புறம் இறக்கம். பென்ஃபிகாவில் 2000-ல் அவர் விட்டுப் போன நாற்காலியில் உட்கார்ந்தவர் தலைமைப் பயிற்சியாளராக முதல் வேலை பார்த்த ஒருவர், ஜோசே மொரின்யோ. ஷால்கேயில் 2004-ல் நீக்கினார்கள், பழைய காலத்து ஆள் என்ற பேச்சோடு. 2006-ல் சொந்த ஊர் கிளாட்பாக்குக்கே திரும்பினார். வெற்றியே வராமல் 2007 ஜனவரியில் விலகினார். 61 வயது. கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

2009 ஏப்ரலில் பேயர்ன் கிளின்ஸ்மனை நீக்கியது. சீசனில் ஐந்து மேட்ச் பாக்கி. ஹோனஸ் பழைய நண்பரைக் கூப்பிட்டார். நான்கு வெற்றி, ஒரு டிரா. அதன்பின் லெவர்குசனில் இரண்டு வருஷம், 2011-ல் மறுபடி பேயர்ன்.

2012 மே 19. சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் பேயர்னின் சொந்த மைதானத்திலேயே. 83-வது நிமிஷத்தில் முல்லர் கோல், 88-ல் செல்சியின் ட்ரோக்பா சமன். எக்ஸ்ட்ரா டைமில் ராபன் பெனால்டியை விட்டார். ஷூட்அவுட்டில் தோல்வி. லீக்கிலும் ஜெர்மன் கோப்பையிலும் டார்ட்மண்டுக்கு அடுத்த இடம். மூன்றிலும் இரண்டாவது.

இப்போது "விதைச்சது வான் கால்" பேச்சுக்கு வருகிறேன். பாதி உண்மைதான். ராபனை வாங்கியதும், ஷ்வைன்ஸ்டைகரை நடுக்களத்துக்கு மாற்றியதும், முல்லரை நிரந்தரமாக ஆட வைத்ததும் வான் கால்தான். ஆனால் அந்தப் பயிரோடு 2012-ல் கையில் மிஞ்சியது எதுவும் இல்லை. பந்து பறிபோனால் பேயர்ன் பின்னால் திறந்து கிடக்கும். ஹைன்கெஸ் பில்பாவோவிலிருந்து ஹாவி மார்டினெஸ் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். விலை 4 கோடி யூரோ, அன்றைக்கு ஜெர்மனியில் சாதனைத் தொகை. அவரை நடுக்களத்தில் ஷ்வைன்ஸ்டைகர் பக்கத்தில் நிறுத்தினார். அதைவிடப் பெரிய மாற்றம், ரிபெரியும் ராபனும் பின்னால் ஓடிவந்து டிஃபென்ட் செய்தது! லீக் முழுக்க 34 மேட்சில் வாங்கியது 18 கோல் மட்டும்.

இந்த இரண்டு பேரும் முந்தைய வருஷம் ரியல் மாட்ரிட் மேட்சின் இடைவேளையில் அடித்துக்கொண்டவர்கள். ஒரு ஃப்ரீகிக்கை யார் அடிப்பது என்ற தகராறு, ரிபெரி ராபன் முகத்தில் குத்திவிட்டார். 1994-ன் ஹைன்கெஸாக இருந்தால் இரண்டில் ஒருவர் கிளப்பை விட்டுப் போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். இந்த முறை கிளப் அபராதம் போட்டது, இருவரும் தொடர்ந்து ஆடினார்கள். 2013 மே 25, வெம்ப்ளி ஃபைனல், 89-வது நிமிஷம்: ரிபெரி குதிகாலால் தட்டிவிட்ட பந்தை ராபன் கோலாக்கினார். டார்ட்மண்ட் 1, பேயர்ன் 2.

அடுத்த சீசனுக்கு குவார்டியோலா வருகிறார் என்று அந்த ஜனவரியிலேயே கிளப் அறிவித்துவிட்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது. போகப்போகிற கோச் என்று தெரிந்தும் அந்த வீரர்கள் அப்படி ஓடினார்கள்.

2017-ல், 72 வயதில், ஹோனஸ் மறுபடி கூப்பிட, மறுபடி வந்தார். லீக் பட்டம் கிடைத்தது. கடைசி மேட்ச் 2018 மே 19, பெர்லினில் ஜெர்மன் கோப்பை ஃபைனல். செல்சியிடம் தோற்ற அதே தேதி. எதிரணி ஃபிராங்க்ஃபர்ட், அதன் கோச் நிகோ கோவாச், அடுத்த சீசனில் பேயர்னில் ஹைன்கெஸ் இடத்துக்கு வரப்போகிறவர். பேயர்ன் 1-3 என்று தோற்றது.