மறுமணமும் கைம்பெண் சொத்துரிமையும்: 1856ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு

இந்துக் கைம்பெண் மறுமணச் சட்டம் (1856ஆம் ஆண்டின் 15ஆம் சட்டம்) ஈஸ்வர சந்திர வித்தியாசாகரின் வெற்றியாகவே பெரிதும் பேசப்படுகிறது. அதில் பிழையில்லை. எனினும், முதற்பிரிவோடு நின்றுவிடாமல் இரண்டாம் பிரிவையும் நாம் படித்தல் வேண்டும். இறந்த கணவனின் சொத்தில் சீவனாம்சமாகவோ, வாரிசுரிமையாகவோ, மறுமணத்திற்கு வெளிப்படையான இசைவு தராத உயிலின்வழி வந்த வரையறுக்கப்பட்ட உரிமையாகவோ கைம்பெண் பெற்றிருந்தவை யாவும், அவள் மறுமணம் செய்துகொண்டதும், அவளே இறந்துவிட்டாற்போல் முடிவுறும் என்கிறது அப்பிரிவு. சொத்து முதற்கணவனின் அடுத்த வாரிசுகளைச் சென்றடையும். மணக்கோலத்தில் நிற்பவளைச் சொத்தின் பொருட்டு இறந்தவளாகக் கொள்ளும் விந்தையான புனைவு இது.

மறுமணத்திற்கு இடமே இல்லாதிருந்த சாதிப் பெண்களுக்கு இச்சட்டம் ஓர் உரிமையைத் தந்து மற்றொன்றைப் பறித்தது. ஆனால், மறுமணம் வழக்கிலிருந்த சாதியினரின் நிலை வேறு. 'அறுத்துக்கட்டுதல்' என்னும் சொல்லே தமிழில் அவ்வழக்கத்திற்குச் சான்று. அவர்களுக்குச் சட்டத்தின் அனுமதி தேவைப்படவில்லை. அவ்வாறாயின், சொத்திழப்பு மட்டும் அவர்களையும் சாருமா?

நீதிமன்றங்கள் இதில் ஒருமித்த விடை தரவில்லை. மறுமணம் வழக்கிலிருந்த மறவர் சமூகத்துக் கைம்பெண் ஒருவரின் வழக்கில், மறுமணத்தால் அவர் முதற்கணவனின் சொத்தை இழப்பார் எனச் சென்னை உயர்நீதிமன்றம் 1877இல் தீர்ப்பளித்தது. கைம்பெண் கணவனின் எஞ்சிய பாதியாக நின்றே சொத்தை அடைகிறாள். இன்னொருவனின் மனைவியானபின் அந்நிலை இல்லை என்பது இவ்வழி நின்றோரின் வாதம். கல்கத்தாவும் (1891) பம்பாயும் (1896) சொத்திழப்பின் பக்கமே நின்றன. அலகாபாத் நீதிமன்றமோ, சட்டத்திற்கு முன்பே மறுமண உரிமை பெற்றிருந்தோரை இரண்டாம் பிரிவு கட்டுப்படுத்தாது என 1889இல் முடிவுசெய்தது. நமக்கு அலகாபாத்தின் வாதமே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. சட்டத்தால் யாதொரு பயனும் அடையாதவர்மீது அதன் தண்டத்தை மட்டும் சுமத்துதல் முறையன்று. சீர்திருத்தச் சட்டமே இத்தகைய பெண்களுக்குக் கேடாய் முடிந்ததை லூசி கேரல் 1983இல் வெளியான தம் ஆய்வில் விரிவாகக் காட்டியுள்ளார்.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் கைம்பெண்ணுக்கு முழு உரிமை வழங்கியது. கணவனிடமிருந்து ஒருமுறை அடைந்த பங்கைப் பின்னர் நிகழும் மறுமணம் பறிப்பதில்லை. 1856ஆம் ஆண்டுச் சட்டம் 1983இல் நீக்கப்பட்டது. ஆயினும், முன்னிறந்த மகனின் மனைவியும் சகோதரனின் மனைவியும், வாரிசுரிமை தொடங்கும் நாளுக்குமுன் மறுமணம் செய்திருந்தால் பங்கு பெறலாகாது என்ற 24ஆம் பிரிவு மட்டும் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் வரை நீடித்தது.