கொடுப்பவரின் உடலும் கடனும்

காஞ்சியைப் பற்றி எழுதப் புகுவோர் பல்லவர் கற்றளிகளையும் கோர்வைப் பட்டையும் விட்டு விலகுவதில்லை. இம்முறை நாம் சிறுநீரகக் கொடையின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறோம். காஞ்சி மண்ணுக்கும் அதில் பங்குண்டு.

1954 டிசம்பரில் பாஸ்டன் நகரில் மருத்துவர் ஜோசப் முர்ரே, ஒருவரின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். இருவரும் ஒரே கருவில் உதித்தவர்கள்தாமா என்றறிய, காவல் நிலையத்தில் கைரேகை எடுத்தார்கள். ஒருவர் தோலை மற்றவருக்கு ஒட்டியும் பார்த்தார்கள். 1969இல் பட்டேலும் தெராசாகியும் குறுக்குப் பொருத்தச் சோதனையின் இன்றியமையாமையை நிறுவினர். 1971இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை தொடங்கிற்று.

இன்று இரத்த வகை, திசுப் பொருத்தம், இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரில் புரதம், தொற்றுக் கிருமிகள், சிறுநீரகங்களின் வடிகட்டும் திறன், இரத்தக் குழாய் அமைப்பு என ஒவ்வொன்றாய்ப் பார்க்கிறார்கள். எஞ்சிய வாழ்நாளை ஒற்றைச் சிறுநீரகத்தோடு கழிக்கப் போகிறவர் அவர். ஆகவே, 'நீங்கள் தரலாகாது' என்று மருத்துவர் மறுப்பதும் அவரைக் காப்பதேயாகும்.

ஆயின் எந்தச் சோதனையும் கடனைக் காட்டாது. உறவல்லாதார் உறுப்பையும் உடல் ஏற்கச் செய்யும் மருந்துகள் 1980களில் வந்தபின், சென்னை வில்லிவாக்கம் சிறுநீரக விற்பனைக்குப் பெயர்பெற்றது. 1994இல் நடுவண் அரசு உறுப்பு விற்பனையைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. நெருங்கிய உறவினரல்லாதார் தர விரும்பின், அங்கீகாரக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்றாயிற்று. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது. அவர்களுள் நூற்றுக்கு 96 பேர் கடனடைக்க விற்றவர்கள். 86 பேர் உடல்நலம் குன்றியதாகக் கூறினர். குடும்ப வருமானமோ மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது.

மாற்று வழியைக் காட்டியது அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருக்கழுக்குன்றம். 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் மகனின் உறுப்புகளை அவ்வூர் மருத்துவத் தம்பதியர் ஈந்தனர். இறந்தோர் உறுப்புக் கொடை தமிழகத்தில் ஓர் இயக்கமாக வளர அது வித்திட்டது.

எனினும் 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர் சிறுநீரகம் விற்ற செய்தி வந்து, அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. தறிக்கும் கடனுக்கும் உள்ள உறவைக் காஞ்சிக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. கொடுக்க வருபவரைத் தனியே அமர்த்தி, அவர் மொழியிலேயே, 'உமக்கு யாரிடம் எவ்வளவு கடன்?' என்று கேட்பதும் சோதனையின் ஒரு பகுதியே என்போம்.