வறட்சியின் நுளம்பும் மழையின் நுளம்பும்: ஒருகொடவத்தையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

காலநிலை மாறினால் நுளம்பு பெருகும், நுளம்பு பெருகினால் நோய் பரவும் என்பது இன்று பள்ளிப் பாடம் வரை வந்துவிட்டது. இலங்கையின் நுளம்பு வரலாற்றை எடுத்து வைத்துப் பார்த்தால் இந்தக் கூற்றில் பாதிதான் தேறுகிறது. இத்தீவு கண்ட மிகக் கொடிய நுளம்புக் கொள்ளைநோய் மழை பொய்த்த ஆண்டில் வந்தது. நோயாளர் எண்ணிக்கையில் மிகப் பெரிய டெங்குப் பரவலோ வெள்ளம் வடிந்த ஆண்டில் வந்தது. வானம் எப்படி மாறுகிறது என்பதோடு, விழுந்த நீர் எந்தப் பள்ளத்தில், எந்தப் பாத்திரத்தில், எத்தனை நாள் தங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த முரண் விளங்கும். கொழும்பின் வடகிழக்கு விளிம்பிலுள்ள ஒருகொடவத்தை அதற்கு ஏற்ற இடம்.

முதலில் 1934. அந்த ஆண்டு தென்மேல் பருவமழை பொய்த்தது. ஈரவலய ஆறுகளில் எப்போதும் நீர் இழுத்து ஓடும். நுளம்புக் குடம்பிக்கு அங்கே நிலைகொள்ள இடமில்லை. மழை இல்லாமற் போனதும் மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகளின் மணற்படுகைகளில் ஆங்காங்கே குட்டைகள் மிஞ்சின. வெயில் படும் தெளிந்த குட்டை என்றால் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்புக்கு வேறொன்றும் வேண்டாம். கேகாலை, குருநாகல் மாவட்டங்களில் அவ்வாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய மலேரியா, சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோனது. அன்று தீவின் சனத்தொகை 55 இலட்சம் அளவில்தான் இருந்தது. வரண்ட வலயத்துக் குடியானவர்கள் ஆண்டுதோறும் காய்ச்சலோடு வாழ்ந்து ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தார்கள். ஈரவலயத்தாருக்கு அந்தக் கவசம் இல்லை. போதாததற்கு, உலகப் பொருளாதார மந்தத்தால் அவர்கள் பட்டினியிலும் கிடந்தார்கள். ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமான சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் பருப்பும் சுமந்து அந்தக் கிராமங்களுக்குப் போனார்கள்; 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி உருவானதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம்.

இந்தக் கொள்ளைநோயை விசாரிக்க அழைக்கப்பட்டவர், பஞ்சாப் மலேரியாவை ஆராய்ந்து பழகிய கேணல் சி. ஏ. கில். பஞ்சாபில் மழை மிஞ்சிய ஆண்டே காய்ச்சல் ஆண்டு. இலங்கையின் தென்மேற்கிலோ மழை தவறிய ஆண்டு காய்ச்சல் ஆண்டாயிற்று. பிற்கால ஆய்வாளர்கள் இலங்கையின் பழைய மலேரியாப் பரவல்களை எல் நினோ ஆண்டுகளோடு பொருத்திப் பார்த்து, தென்மேல் பருவமழை குன்றிய காலங்களில் ஆபத்து கூடியதைக் காட்டியுள்ளனர். மழைமானியை மட்டும் வைத்து நுளம்பைக் கணிக்க முயல்வோர், மழையின் ஏற்றத்தாழ்வு இரு நாடுகளில் எதிரெதிர் விளைவு தந்த இந்த வரலாற்றைக் கடந்துதான் போக வேண்டும்.

கிராமங்கள் காய்ச்சலில் வாடியபோது கரையோரக் கொழும்பு ஒப்பளவில் தப்பியது. அதற்காக நகரத்துக்கு நுளம்புப் பயம் இல்லாமல் இல்லை. அந்தப் பயம் கடல்வழியாக வந்தது. பனாமா கால்வாய் திறக்கவிருந்த வேளையில், அமெரிக்காவின் மஞ்சட்காய்ச்சல் கப்பலேறி ஆசியத் துறைமுகங்களுக்கு வந்துவிடுமோ என்று பிரித்தானிய ஆட்சி கலங்கியது. மருத்துவ அதிகாரி எஸ். பி. ஜேம்ஸ் இரு துணைவர்களுடன் கொழும்பு நுளம்புகளைக் கணக்கெடுத்து 1914இல் வெளியிட்ட அறிக்கை, அன்று ஸ்டெகோமியா எனப்பட்ட நுளம்பைத் துறைமுக நகரில் எப்படிக் குறைக்கலாம் என்பதைப் பற்றியது. இன்று அதையே ஈடிஸ் எஜிப்தி என்கிறோம். மஞ்சட்காய்ச்சல் வரவே இல்லை. நுளம்பு போகவும் இல்லை.

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்திலும் அதன் பின்னும் கொழும்பு அதிகாரிகளை வாட்டிய நுளம்பு இன்னொன்று. அடைபட்ட கழிவுநீரில் வளரும் கியூலெக்ஸ், தென்மேற்குக் கரையோரம் நெடுக யானைக்கால் நோயைப் பரப்பியது. 1947இல் தொடங்கிய யானைக்கால் ஒழிப்பு இயக்கம் அதனோடு மல்லுக்கட்டி, 2016இல் நோய் ஒழிப்புக்கான உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றது. கான்களைக் கழுவும் பெருமழை இந்த நுளம்புக்குப் பகை. அதற்கு மேல் இங்கே அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

மலேரியாவின் பின்கதையும் தெரிந்ததே. டி.டி.ரி. பூச்சிக்கொல்லி வந்தபின் 1963இல் தீவு முழுவதிலும் 17 நோயாளர்கள் மட்டுமே பதிவாயினர். தெளிப்பு தளர்ந்ததும் 1969இல் அது ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 அக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது. ஆற்றங்கரை நுளம்பு தோற்ற அதே காலத்தில் பாத்திர நுளம்பு நகரத்தில் கொடி நாட்டிக்கொண்டிருந்தது.

டெங்கு இங்கே 1960களிலேயே உறுதிப்படுத்தப்பட்டது. 1965–66இல் கொழும்பில் சிறு பரவல் ஒன்றும் இருந்தது. கடுமையான குருதிப்பெருக்குக் காய்ச்சலாக அது தலைதூக்கியது 1989இல். அதன்பின் 2017 வரை ஒவ்வொரு பெரும்பரவலும் முந்தியதை விஞ்சியது: 2009இல் 35,008 பேர், 2017இல் 186,101 பேர். 2017இல் மட்டும் 440 பேர் இறந்தனர்.

ஒருகொடவத்தையை இப்போது கிட்டப் போய்ப் பார்க்கலாம். பேஸ்லைன் வீதி களனிப் பாலத்தை நோக்கி ஏறுமிடம் இது. கொழும்பு மாநகர எல்லையும் கொலன்னாவை நகரசபைப் பகுதியும் இதனருகே முட்டுகின்றன. வடக்கே களனி கங்கை, கிழக்கே வெல்லம்பிட்டி, தெற்கே கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள், பக்கத்தில் மீதொட்டமுல்ல. சேறும் வயலுமாக இருந்து நிரவப்பட்ட தாழ்நிலம் சுற்றிலும். துறைமுகத்திலிருந்து வரும் கொள்கலன்கள் சுங்கப் பரிசோதனைக்காக இங்குள்ள யாட்டுகளில் வந்து நிற்கும். அவற்றை ஒட்டி லொறிப் பட்டறைகள், பழைய இரும்புக் கடைகள், டயர்க் கடைகள். ஈடிஸ் நுளம்புக்கு இதைவிட வசதியான குடியிருப்பு எளிதில் அமையாது.

ஒரு பழைய லொறி டயரை எடுத்துக்கொள்வோம். எந்தப் பக்கம் சாய்த்து வைத்தாலும் உட்குழிவில் நீர் மிஞ்சும். உள்ளே வெயில் படாது, காற்றும் அடிக்காது. ஒரு கோப்பை நீர் மாதக் கணக்கில் வற்றாமல் கிடக்கும். பெண் நுளம்பு நீரில் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான இறப்பர்ச் சுவரில் ஒட்டி வைக்கும். நீர் வற்றினாலும் அந்த முட்டை பல மாதம் காய்ந்து கிடந்து பிழைக்கும். அடுத்த மழையில் நீர் ஏறித் தொட்டவுடன் பொரிக்கும். ஒரே சீராகப் பெய்யும் மழையைக் காட்டிலும் விட்டு விட்டுப் பெய்யும் மழையே இந்த உயிருக்குத் தோது. 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஈடிஸ் அல்போபிக்டஸ் நிலைகொண்டதற்கும் ஆசியாவிலிருந்து போன பழைய டயர்களே காரணம் என்பது பொதுக் கருத்து. கடல்தாண்டி நுளம்பு வருமென்று ஜேம்ஸ் அஞ்சிய காலம் போய், ஆசியத் துறைமுகங்களே நுளம்பை ஏற்றுமதி செய்த காலம் வந்தது.

வெப்பத்தின் பங்கு என்ன? டெங்கு வைரசு நுளம்பின் வயிற்றுக்குள் போன உடனேயே நுளம்பால் அதைக் கடித்துப் பரப்ப முடியாது. வைரசு நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியை எட்டுவதற்குச் சில நாள் வேண்டும். 25 பாகை செல்சியஸில் அதற்குச் சராசரியாக 15 நாள். 30 பாகையில் ஆறரை நாள். பெண் நுளம்பின் வாழ்நாளே பெரும்பாலும் ஓரிரு வாரந்தான் என்பதால் இந்த எட்டரை நாள் வேறுபாடு மிகப் பெரிது. ஆயினும் ஈடிஸ் எஜிப்தி வழியே டெங்கு பரவ மிக உகந்த வெப்பநிலை ஏறத்தாழ 29 பாகை. கொழும்பின் ஆண்டுச் சராசரி 27, 28 பாகைக்கு இடையில் ஏற்கெனவே அதை அண்டி நிற்கிறது. வெப்ப ஏற்றத்தால் கூடுதலாக இழப்பவை கண்டி, பதுளை போன்ற மேட்டுப் பகுதிகள்; குளிர் அவற்றுக்குத் தந்த காவல் கரைகிறது. ஒருகொடவத்தைக்கு வெப்பமானியைவிட மழை விழும் முறைதான் முக்கியம். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டு ‘புவி சூடாகிறது, டெங்கு கூடுகிறது’ என்று எழுதும் செய்திக் கட்டுரைகள் இந்த வேறுபாட்டைத் தொலைத்துவிடுகின்றன.

மழைக்கும் காய்ச்சலுக்கும் இடையே ஒரு தவணை இருக்கிறது. களுத்துறை மாவட்டத்தில் நடந்த ஆய்வொன்று, வாரத்துக்கு 50 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால் ஆறு முதல் பத்து வாரம் கழித்து டெங்கு கூடுவதைக் கண்டது. வெள்ளத்தின் முதல் வேகம் குடம்பிகளை அடித்துக்கொண்டு போகும். வெள்ளம் வடிந்தபின் மிஞ்சும் சிறு நீரில்தான் அடுத்த தலைமுறை வளரும். மழை குறைந்தாலும் தப்ப முடியாது. குழாய்நீர் வெட்டப்படும் நாட்களில் பீப்பாயிலும் வாளியிலும் பிடித்து வைக்கும் தண்ணீரும் ஈடிஸுக்கு வீடுதான்.

2016 மே மாதத்தில் களனி பெருக்கெடுத்து கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் கூரைமட்டம் வரை மூழ்கின. அடுத்த ஆண்டு ஏப்ரல் 14, புத்தாண்டு நாள் பிற்பகல், மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் புளூமெண்டால் மேட்டை மூட நேர்ந்தபின் 2009இலிருந்து மாநகரக் குப்பை அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. சரிவுக்குப் பின் நகரத்துக் குப்பைக்குப் போக்கிடம் இல்லை; சந்திகளில் குவிந்தது. மே இறுதியில் தென்மேல் மழை கொட்டியது. யோகட் கோப்பை, சிரட்டை, பொலித்தீன் பை என்று குவிந்த ஒவ்வொன்றும் தன் பங்குக்கு நீர் பிடித்தது. ஜூலை முதல் வாரத்துக்குள் நாடெங்கும் 80,732 நோயாளர்கள், 215 மரணங்கள். நோயாளரில் 43 சதவீதத்தினர் மேல் மாகாணத்தவர். வைத்தியசாலைக் கட்டில்கள் போதாமல் ஒரே கட்டிலில் இருவர் படுத்தார்கள்.

இதைக் காலநிலையின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. அவ்வாண்டு பெரிதும் பரவியது டெங்கு வைரசின் இரண்டாம் வகை. அதற்கு முந்திய ஆண்டுகளில் முதலாம் வகையே ஓங்கியிருந்ததால் இரண்டாம் வகைக்கு மக்களிடம் எதிர்ப்புச் சக்தி குறைவு. 1989இலும் 2009இலும்கூட வைரசின் இனம் மாறியே இருந்தது. மழை, குப்பை, புதிய வைரசு ஆகிய மூன்றும் ஒரே பருவத்தில் கூடியது 2017இன் தனித்தன்மை. மூன்றில் மனிதர் கைக்குள் இருந்தது குப்பை ஒன்றுதான். 2007ஆம் ஆண்டின் நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டமோ வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்கிறது. பூச்சாடித் தட்டில் குடம்பி கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வழக்குப் போடலாம், மாநகரத்தின் குப்பைமேட்டுக்கு எதிராக அதே சட்டத்தைத் தூக்கிக்கொண்டு யாரிடம் போவது?

கடலும் இந்தக் கணக்குக்குள் வருகிறது. ஈடிஸ் நன்னீரில் மட்டுமே வளரும் என்பது நெடுங்கால நம்பிக்கை. ரஞ்சன் ராமசாமியும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சின்னத்தம்பி நோபிள் சுரேந்திரனும் சகாக்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, கரையோரங்களில் கிணறுகளிலும் கைவிடப்பட்ட பாத்திரங்களிலும் தேங்கிய உவர்நீரிலும் இந்த நுளம்புகள் வளர்வதைக் காட்டியது. கடல்மட்டம் உயர்ந்து கரையோர நிலம் உவராகும்போது அங்கே டெங்குக்கு இடம் குறையாது, கூடவும் கூடும் என்பது அவர்கள் வாதம். கட்டுப்பாட்டு இயக்கங்கள் நன்னீரைத் தேடியே திரிந்ததால் உவர்நீர்க் குடம்பிகளுக்கு யாரும் இடையூறு செய்யவில்லை.

கடைசியாக வந்தது மன்னார்ச் செய்தி. மலேரியா அற்ற நாடு என்ற சான்று கிடைத்து சில மாதத்துக்குள், 2016 டிசம்பரில், அங்குள்ள கிணறுகளில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கண்டறியப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. சென்னையின் நகர மலேரியாவை நெடுங்காலமாகப் பரப்பிவரும் நுளம்பு அதுவே. ஆற்றங்கரைக் குட்டை அதற்கு வேண்டியதில்லை, மாடித் தொட்டியும் கிணறும் போதும். வறட்சியில் மக்கள் நீர் சேர்த்தாலும் பெருகும், மழையில் தொட்டி நிறைந்தாலும் பெருகும். ஆபிரிக்காவின் ஜிபூட்டியில் 2012இல் இது முதலில் கண்டறியப்பட்டது. அவ்வாண்டு அங்கே 27 மலேரியா நோயாளர், 2020இல் 73,000க்கு மேல். இலங்கைக்கு ஆண்டுதோறும் வெளிநாட்டிலிருந்து மலேரியாவோடு திரும்புவோர் சிலராவது உண்டு. அவர்கள் வந்திறங்குவது பெரும்பாலும் மேல் மாகாணத்தில். கட்டுமானத் தளங்களும் கூரைத் தொட்டிகளும் நிறைந்த ஒருகொடவத்தையில் டெங்குக்காகத் தொட்டி மூடியைத் திறக்கும் பி.எச்.ஐ. இனி இரண்டு விதக் குடம்பியையும் தேட வேண்டும். முதற்கட்டமாகப் பிரித்தறிய நுண்காட்டிகூடத் தேவையில்லை: ஈடிஸ் குடம்பி வாலை நீர்மட்டத்தில் வைத்துத் தலைகீழாகத் தொங்கும், அனோபிலிஸ் குடம்பி நீர்மட்டத்தோடு கிடையாகப் படுக்கும்.